கல்லூரி வாயிலில் ஒரு கட்டுரை

தமிழ்ப் பள்ளிகளில் 'தன்கதை' என்றொரு கட்டுரை வகை நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. "நான் ஒரு மிதிவண்டி" என்று தலைப்புக் கொடுத்தாற் போதும். பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் தொழிற்சாலையிலே பிறந்து, கடையிலே விலைபோய், எசமானின் அன்பைப் பெற்று, ஈற்றில் துருவேறிக் கொல்லைப்புறத்தில் கிடக்கும் மிதிவண்டியாகவே மாறிவிடுவான். பேனாவாகவும், புத்தகப் பையாகவும், பழைய நாற்காலியாகவும் மாறத் தெரிந்த அதே சிறுவனைப் பதினெட்டாம் வயதில் ஒரு பல்கலைக் கழகம் "நீ யார்? உன்னைப் பற்றி எழுது" என்று கேட்கும்போது, அவன் கை ஓடுவதில்லை. மிதிவண்டிக்குக்கூட வாய்த்த தன்கதை தனக்கு வாய்க்கவில்லை என்று அவன் எண்ணிவிடுகிறான். அல்லது வேறு யாரோ ஒருவரின் கதையை எடுத்துத் தன் பெயரை அதன்மேல் எழுதிவிடுகிறான்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உயர்கல்வி பெற விழையும் மலேசிய, சிங்கப்பூர் மாணாக்கர் இக்கட்டுரையை எழுதியே ஆகவேண்டும். அதை எழுதுவது ஆங்கிலத்தில்; ஆகவே அது ஆங்கில ஆசிரியரின் பொறுப்பு என்பது பொதுவான கருத்து. மொழியளவில் அது சரியே. ஆனால், எழுத வேண்டிய பொருள் மாணவனின் வீட்டிலும் தெருவிலும் பெரும்பாலும் தமிழில் நிகழ்ந்தது. அதைக் கேட்டு வெளிக்கொணரும் வாய்ப்பு யாருக்கு உண்டு என்று எண்ணிப் பார்த்தால், தமிழாசிரியருக்கும் இதில் ஒரு பங்கு இருப்பது விளங்கும்.

இரு நாடும் இரு நோக்கமும்

முதற்கண், இவ்விரு நாடுகளும் கேட்பது ஒன்றன்று. இதை அறியாமல் ஒரே கட்டுரையை இரண்டு திசைக்கும் அனுப்பி ஏமாந்தவர் பலர்.

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு பதினைந்து தனியார் கல்லூரிகள் கூடிப் பொது விண்ணப்பம் ஒன்றை உருவாக்கின. 'காமன் அப்ளிகேஷன்' எனப்படும் அவ்வேற்பாட்டில் இன்று ஆயிரத்திற்கு மேற்பட்ட கல்வி நிலையங்கள் சேர்ந்துள்ளன. அதில் வரும் தனிக்கட்டுரை 250 சொற்களுக்குக் குறையாமலும் 650 சொற்களுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். ஏழு தலைப்புகள் தரப்படுகின்றன. சந்தித்த இடையூறு, மாற்றிக்கொண்ட எண்ணம், பிறர் செய்த உதவி, நேரம் போவதே தெரியாமல் ஈடுபடும் ஒரு பொருள் என்று அவை விரிகின்றன. ஏழாவது, விரும்பிய எதைப் பற்றியும் எழுதலாம் என்பது. விண்ணப்பதாரன் எந்தத் துறையைப் படிக்கப் போகிறான் என்பதைப் பற்றி அக்கட்டுரை ஒரு சொல்லும் பேசாதிருக்கலாம். அங்கே தேடப்படுவது ஆள்.

பிரிட்டனில் விண்ணப்பங்கள் 'யூகாஸ்' என்னும் பொது அமைப்பின் வழியே செல்கின்றன. ஒரே கூற்று ஐந்து படிப்புகளுக்கு மேற்படாமல், தேர்ந்தெடுத்த எல்லாவற்றிற்கும் போகிறது. அளவு, இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகள். நெடுங்காலம் ஒரே நீண்ட உரையாக இருந்த இது, 2026-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் மூன்று வினாக்களாகப் பிரிக்கப்பட்டது. இப்பாடத்தைப் படிக்க ஏன் விழைகிறாய், இதுவரை கற்றவை உன்னை எவ்வாறு ஆயத்தம் செய்தன, பள்ளிக்கு வெளியே வேறென்ன செய்தாய் என்பவை அவ்வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள் வேண்டும். அங்கே தேடப்படுவது பாடத்தின்மேல் உள்ள பற்று. தாத்தாவின் மறைவைப் பற்றி உருக்கமாக எழுதினால் அமெரிக்கக் கல்லூரி காது கொடுக்கலாம். பௌதிகம் படிக்க விண்ணப்பித்தவனிடம் ஆக்ஸ்போர்டு எதிர்பார்ப்பது பௌதிகத்தையே.

கட்டுரை பிறந்த கதை

மதிப்பெண் இருக்கக் கட்டுரை எதற்கு என்ற ஐயம் இயல்பாக எழும். அமெரிக்கப் பல்கலைக் கழகங்களும் ஒரு காலத்தில் தேர்வை வைத்தே மாணவரைச் சேர்த்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அத்தேர்வுகளில் சிறந்து விளங்கினர். 1922 அளவில் ஹார்வர்டில் யூத மாணவரின் தொகை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிற்று. அப்பல்கலைக் கழகத்தின் தலைவராயிருந்த லோவெல், அவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட வேண்டுமென்று வெளிப்படையாகவே முன்மொழிந்தார், எதிர்ப்பு எழுந்தது. 1926-இல் வேறொரு வழி பிறந்தது. மதிப்பெண்ணோடு 'குணநலம்', 'ஆளுமை' என்பவற்றையும் கருதித் தேர்ந்தெடுப்பது என முடிவு செய்யப்பட்டது. பிற பெரிய கல்லூரிகளும் அவ்வழியே நடந்தன. நேர்காணல், புகைப்படம், நற்சான்று, தன்னைப் பற்றிய எழுத்து ஆகியவை சேர்க்கையில் இடம்பெற்றது இவ்வாறே. இவ்வரலாற்றைச் சமூகவியல் அறிஞர் செரோம் கராபெல் 2005-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஒரு சாராரை வெளியே நிறுத்துவதற்காகத் திறந்த வாயில் பிற்காலத்தில் பலரை உள்ளே அழைப்பதற்கும் பயன்பட்டது. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவர் சேர்க்கையில் இனத்தை ஒரு காரணமாகக் கொள்வது சட்டத்திற்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. எனினும், இனம் தன் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று ஒரு மாணவன் தன் கட்டுரையில் கூறினால், அதிலிருந்து விளங்கும் அவனுடைய மனவுறுதியையோ திறமையையோ கருத்திற் கொள்வதைத் தீர்ப்புத் தடுக்கவில்லை. ஆகவே கட்டுரையின் எடை முன்னிலும் கூடிற்று. கூடவே ஒரு தீங்கும் வந்தது. துன்பத்தை விற்றால்தான் இடம் கிடைக்கும் என்று மாணவர் எண்ணத் தொடங்கினர். துன்பம் இல்லாதவன் அதைத் தேடிப் புனைகிறான். உள்ளவனோ, ஆற வேண்டிய புண்ணை அந்நியர் முன் கீறிக் காட்ட வேண்டியவனாகிறான். இரண்டும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இழைக்கப்படும் கொடுமை. "அதை எழுத உனக்கு விருப்பமா?" என்று ஆசிரியர் தனியே கேட்பது நன்று. வேண்டா என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

எரிந்த இரவாடை

போலிக் கட்டுரை எவ்வாறிருக்கும் என்பதற்குச் சுவையான சான்று ஒன்றுண்டு. 2007-இல் யூகாஸ் அமைப்பு ஏறத்தாழ 50,000 விண்ணப்பக் கூற்றுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. அவற்றுள் 234 கூற்றுகளில் ஒரே நிகழ்ச்சி வந்தது: எட்டு வயதில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியைக் கொண்டு செய்த சோதனையில் இரவாடையில் ஓட்டை விழ எரித்துக்கொண்டதும், அதிலிருந்து அறிவியலில் ஆர்வம் பிறந்ததும். இருநூற்று முப்பத்து நான்கு பிள்ளைகள் ஒரே வயதில் ஒரே உடையை எரித்துக்கொண்டார்கள் என்று நம்ப யாராலும் இயலாது. வலைத்தளத்தில் கிடைத்த ஒரு மாதிரிக் கூற்றை எல்லாரும் எடுத்தாண்டதன் விளைவு அது. ஒவ்வொரு கூற்றையும் பழைய கூற்றுகளோடு ஒப்பிட்டு, ஒற்றுமை மிகுந்தால் பல்கலைக் கழகத்திற்கும் விண்ணப்பதாரருக்கும் தெரிவிக்கும் ஏற்பாடு அதன்பின் நிலைபெற்றது.

அப்பிள்ளைகளைப் பழிப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யச் சொல்வது யார்? "அழகிய முன்னுரை ஐம்பது" என்று தாள்தாளாக அச்சிட்டுக் கொடுப்பது யார்? திருத்துவோர் எதை விரும்புவர் என்று ஊகித்து, அதையே எழுதப் பத்தாண்டுகள் பழக்கப்பட்ட பிள்ளை, பதினோராம் ஆண்டில் மட்டும் தன் உள்ளத்தைத் திறந்து காட்டுவான் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? தேர்வுக்கு அந்தப் பயிற்சி வேண்டியதே. ஆனால் இங்கே அது எதிராகத் திரும்பும் என்பதை மாணவனுக்கு எடுத்துச் சொல்வது ஆசிரியரின் கடன்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு மாதிரியைத் தேடும் வேலையும் இல்லாமற் போயிற்று. கேட்டவுடன் கட்டுரை கிடைக்கிறது; பிழையில்லை; இரவாடையும் எரிவதில்லை. ஆயினும் செயற்கை நுண்ணறிவு ஆக்கித் தரும் உள்ளடக்கத்தைத் தன் எழுத்தென அளிப்பதைக் காமன் அப்ளிகேஷன் 2023 முதல் மோசடி வகையில் சேர்த்துவிட்டது. கூற்று முழுவதையுமோ அதன் பெரும்பகுதியையோ இவ்வாறு ஆக்கி அளிப்பது ஏமாற்றாகக் கருதப்படலாம் என யூகாசும் அறிவித்துள்ளது. தண்டனை ஒருபுறமிருக்க, அக்கருவி தருவது பலருடைய எழுத்தின் சராசரி. சேர்க்கை அலுவலர் ஒரு பருவத்தில் எத்தனையோ கட்டுரைகளைப் படிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடமே அவரிடம் உண்டு. சராசரியை அவர் ஏற்கெனவே பலமுறை படித்திருப்பார்.

நன்னூலார் தந்த இசைவு

தமிழ் மாணாக்கருக்கு இன்னொரு தடை உண்டு. தன்னைத் தானே புகழ்வது இழிவு என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அதனால் இரண்டிலொன்று நேர்கிறது. செய்ததைச் சொல்லக் கூசி, "எல்லாம் பெற்றோரும் ஆசிரியரும் தந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். அல்லது கூச்சத்தை ஒரேயடியாக உதறி, பெற்ற கேடயங்களையும் வகித்த பதவிகளையும் அடுக்கிவிடுகிறார்கள். கேடயங்களுக்கு விண்ணப்பத்தில் வேறோர் இடம் உண்டு. கட்டுரையில் அவற்றை மறுபடி அடுக்குவது வீண்.

இச்சிக்கலைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். தற்புகழ்ச்சி புலவனுக்குத் தகாது என்று விதித்த பவணந்தி முனிவர், நன்னூற் பாயிரத்தில் அதற்கு நான்கு விலக்குகளையும் தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், மாற்றான் தன்னைப் பழித்த காலத்தும் தன்னைப் புகழ்ந்துரைத்தல் தகும் என்பது அவர் கருத்து. கல்லூரிக்கு விடுக்கும் விண்ணப்பம் முதல் இரண்டிலும் அடங்கும். அஃது ஓர் அவைக்கு எழுதும் ஓலை. படிப்பவரோ எழுதியவனை அறியாதவர். கூச்சமுள்ள மாணவியிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். வேண்டிய இடத்தில் தன்னைப் பற்றிச் சொல்லலாம் என்று இலக்கணமே இசைவு தருகிறதென்றால், அவளுக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

கேட்டுப் பெறுதல்

ஆசிரியர் உதவுவது எங்ஙனம் என்பதை ஒரு கற்பனை மாணவியைக் கொண்டு காணலாம். அவள் புள்ளியியல் படிக்க விழைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவள் கொண்டுவரும் படியில், சிறு வயது முதலே கணிதத்தில் தீராத ஆர்வம் கொண்டதாகவும், எண்கள் தன்னோடு பேசுவதாகவும், உலகிற்குத் தொண்டாற்ற விழைவதாகவும் எழுதியிருக்கிறாள். பொய் ஒன்றுமில்லை, ஆனால் அதன்மேல் வேறு யார் பெயரை ஒட்டினாலும் பொருந்தும். ஆசிரியை தாளை மூடி வைத்துவிட்டு, மாலை வேளையில் வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்கிறார். தாய் இரவுச் சந்தைகளில் வடை விற்பதாகவும், தான் துணைக்குப் போவதாகவும் அவள் சொல்கிறாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு உளுந்து ஊறப் போடுவீர்கள்?"

"அது மழையைப் பொறுத்தது, டீச்சர். மழை பெய்தால் மாவு மிஞ்சிவிடும்."

"மழை வருமென்று காலையிலேயே எப்படித் தெரியும்?"

"அம்மா வானத்தைப் பார்த்துச் சொல்வார்கள். நான் காலண்டரில் எழுதி வைப்பேன்."

"எந்தக் காலண்டரில்?"

மளிகைக் கடையில் இனாமாகக் கொடுத்த காலண்டர். ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் ஊறப் போட்ட உளுந்தின் அளவு, மழை பெய்ததா இல்லையா, எத்தனை வடை மிஞ்சியது என்று ஓராண்டுக்கு மேல் குறித்திருக்கிறாள். அதிலிருந்து அட்டவணை போட்டிருக்கிறாள். ஒரு தாமானில் மழை பெய்தால் விற்பனை பாதியாகிறது. பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய இன்னொரு சந்தையில் மழைக்கு ஒதுங்குவோர் கூடுவதால் வழக்கத்தைவிட அதிகம் விற்கிறது. ஆயினும் முதல் மூன்று மாதம் அவள் அட்டவணை சொன்னதைவிடத் தாயின் ஊகமே சரியாயிருந்தது. ஏன் என்பது அவளுக்கு நெடுநாள் விளங்கவில்லை. சம்பள நாளையும் பள்ளி விடுமுறையையும் தாய் மனத்தில் வைத்திருந்தார். அட்டவணையில் அவற்றுக்கு இடமில்லை.

இதை ஏன் எழுதவில்லை என்று ஆசிரியை கேட்டால், "இதெல்லாம் ஒரு விஷயமா, டீச்சர்?" என்பதே விடையாயிருக்கும்.

தீராத ஆர்வம் என்ற சொற்றொடர் இனி அக்கட்டுரைக்கு வேண்டியதில்லை. ஓராண்டுக் காலண்டர் அதைச் சொல்லிவிடும். அமெரிக்கக் கல்லூரிக்கு எழுதும்போது தாயிடம் தோற்ற மூன்று மாதங்கள் நடுவிடம் பெறலாம். தன் பிழையை ஒப்புக்கொள்ளும் பிள்ளையை அங்கே விரும்பிப் படிப்பர். பிரிட்டனுக்கு எழுதும்போது தாய் சற்றுப் பின்னே நிற்க, விடுபட்ட காரணிகளும், அவற்றைப் பற்றி அவள் பின்னர்ப் பாடத்தில் கற்றதும் முன்னே வரும். செய்தி ஒன்றே, அடுக்கும் முறை வேறு.

இவ்வுரையாடல் தமிழில் நிகழ்வது நன்று. அதே வினாக்களை ஆங்கிலத்தில் கேட்டிருந்தால், மாணவி நூலில் படித்த ஆங்கிலத்தைத் தேடியிருப்பாள், உளுந்து வந்திராது. தமிழில் சொன்னதை அன்றிரவே தன் சொந்த ஆங்கிலத்தில் அவள் எழுதிப் பார்க்கட்டும். அம்மாவின் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு ஆங்கிலம் கிடைக்காவிட்டால் அச்சொல்லையே வைத்து, அடுத்த வாக்கியத்தில் பொருள் விளங்கச் செய்துவிடலாம்.

தைப்பூசம் படும் பாடு

தமிழ்ப் பிள்ளைகளின் கட்டுரைகளுக்கே உரிய குறை ஒன்றையும் கூற வேண்டும். வெளிநாட்டார் படிக்கிறார்கள் என்றவுடன் பலர் சுற்றுலா வழிகாட்டியாகிவிடுகிறார்கள். பத்து மலையின் 272 படிகள், காவடிகளின் வண்ணம், தீபாவளிப் பலகாரங்கள் என்று சொற்களில் பாதி செலவாகிவிடும். பண்பாட்டைக் குறிப்பது தவறன்று; எழுதியவன் அதில் எங்கே நிற்கிறான் என்பதுதான் கேள்வி. தண்ணீர்ப் பந்தலில் இரவெல்லாம் நின்று, குடித்துவிட்டு எறிந்த கிண்ணங்களைப் பொறுக்கியவன், அந்தக் கிண்ணங்களைப் பற்றி எழுதலாம். படிகளின் எண்ணிக்கையை எந்த நூலிலும் காணலாம்.

எது உதவி, எது களவு

திருத்தும் இடத்தில்தான் ஆசிரியருக்கு உண்மையான சோதனை. நல்ல மனத்தோடு தொடங்கி, ஒரு சொல்லை மாற்றி, ஒரு வாக்கியத்தைச் சேர்த்து, முடிவில் கட்டுரை ஆசிரியருடையதாகிவிடுவது எளிது. பெற்றோரின் வற்புறுத்தலும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. பணம் பெற்றுக்கொண்டு முழுக் கட்டுரையையும் எழுதித் தருவோரும் உள்ளனர். அது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

எழுத்துப் பிழையைச் சுட்டலாம். விளங்காத இடத்தில் கோடிட்டு, "இங்கே என்ன சொல்ல வந்தாய்?" என்று ஓரத்தில் கேட்கலாம். வீணான பத்தியை எடுத்துவிடச் சொல்லலாம். ஆனால் புதிய வாக்கியம் எதையும் ஆசிரியர் கை எழுதுதல் கூடாது; வினாவோடு நிற்க வேண்டும். ஐயம் வந்தால் எளிய சோதனை ஒன்றுண்டு. கட்டுரையிலுள்ள எந்த வாக்கியத்தை எடுத்துக் கேட்டாலும் மாணவன் அதைப் பற்றித் தாளைப் பாராமல் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேச முடியாத வாக்கியம் அவனுடையதன்று. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகங்களின் நேர்காணலில் இச்சோதனை உண்மையாகவே நிகழக்கூடும். படித்ததாகக் குறிப்பிட்ட நூலைப் பற்றிக் கேட்டதும் விழித்தால், அழகிய கட்டுரையே பகையாகிவிடும்.

ஆசிரியர் தம் நற்சான்றிலும் இதே கவனம் வேண்டும். மாணவி காலண்டரைப் பற்றி எழுதியிருந்தால், சான்றிலும் அதையே திரும்பக் கூறுவதில் பயனில்லை. வகுப்பில் அவள் கேட்ட ஒரு வினாவையோ, பிறர் விட்டுவிட்ட கணக்கோடு அவள் மல்லாடியதையோ எழுதலாம்.

காலத்தைப் பற்றியும் ஒன்று. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் விண்ணப்பங்களுக்கும் மருத்துவப் படிப்பு விண்ணப்பங்களுக்கும் அக்டோபர் 15 இறுதி நாள். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றின் முந்திய சேர்க்கைக்கு நவம்பர் 1. பொதுச் சேர்க்கைக்குப் பெரும்பாலும் சனவரித் தொடக்கம். சிங்கப்பூர்த் தொடக்கக் கல்லூரி மாணவருக்கு அக்டோபரும் நவம்பரும் மேல்நிலைத் தேர்வின் நெருக்கடி. செப்டம்பரில் தொடங்குபவனுக்கு நினைவைத் தோண்ட நேரமில்லை. அவன் கை மாதிரிக் கட்டுரையையோ கருவியையோதான் நாடும். தாளும் பேனாவும் இல்லாத அந்த முதல் உரையாடலை ஜூன் விடுமுறையிலேயே, ஒரு பிற்பகலில், வைத்துக்கொள்வது நல்லது. முதற்படியை எழுதி இரண்டு வாரம் மூடி வைத்து, பின்னர் எடுத்து உரக்கப் படித்துப் பார்த்தால், எந்த வரி இரவல் என்பதை அவனே சொல்லிவிடுவான்.